துட்டி லீவு

எங்கள் மில்லில் லீவு வேண்டுமென்றால் யாராவது சாக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அப்படித்தான் இருந்தது. மேஸ்திரியான பிறகு நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். காய்ச்சல், தலைவலிக்கெல்லாம் லீவு கிடையாது. அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குப் பாதிப் பேர்தான் போகலாம். பிள்ளைக்குக் காதுகுத்து என்று ஒருத்தி வந்து நின்றால், "ஷிப்ட் முடிஞ்சு போயி சாயங்காலமாக் குத்து" என்பேன். துட்டி என்று சொன்னால் மட்டும் மறுபேச்சு இல்லை. சாவைத்தான் எங்கள் பக்கம் துட்டி என்போம்.

துட்டி என்று வருகிறவளிடம் இரண்டு கேள்வி கேட்பேன். "செத்தது யாரு, என்ன முறை?" "எப்ப எடுக்குறாக?" முதல் கேள்வி பொய்யைப் பிடிப்பதற்கு. யார் வீட்டில் யார் எப்போது போய்ச் சேர்ந்தார்கள் என்பது எனக்கு மனப்பாடம். ஒரே தாய்மாமனை இரண்டு தடவை சாகடிப்பது என் ஷிப்டில் நடக்காத காரியம். இரண்டாவது கேள்வி, நான் மாலையோடு போய்ச் சேர்வதற்கு. என்னிடம் வேலை பார்க்கிறவர்கள் வீட்டில் சாவு விழுந்து நான் போகாமல் இருந்ததில்லை. பஸ் போகாத ஊருக்கு நடந்தாவது போவேன். மில்லில் எத்தனை சத்தம் போட்டாலும், பிணத்தின் காலடியில் நின்று மாலை போடுகிற மேஸ்திரியை யாரும் மறக்க மாட்டார்கள் என்பது என் கணக்கு. அதைத்தான் நான் அக்கறை என்று நினைத்திருந்தேன்.

மில் இருப்பது அருப்புக்கோட்டைக்கு வெளியே, கருவேலங்காட்டை ஒட்டி. நூற்று வருகிற நூலைப் பெரிய கோனாகச் சுற்றுகிற பிரிவு என்னுடையது. மில் வேனில் ஏறி வருகிற கிராமத்துப் பெண்கள்தான் அதில் வேலை செய்கிறவர்கள். வீட்டில் கொஞ்சம் மானாவாரி நிலம் இருக்கும். மழை பெய்த வருஷம் பாதிப் பேர் காட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். பெய்யாத வருஷம் வேனில் நிற்க இடமிருக்காது.

முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்தபோது ஒரு பெண்ணை வேலைக்குக் கொண்டுவந்தார். மல்லாங்கிணற்றுப் பெண், மதுரையில் படித்தவள், என் மூத்த மகளைவிடச் சின்னவள். என்னிடமிருந்த மிஷின்களில் பாதியை அவள் பக்கம் ஒதுக்கினார்கள். எனக்கு மேஸ்திரி என்று பெயர், அவளுக்கு இன்சார்ஜ். நடுவில் ஒரு நடைபாதை. அந்தப் பக்கம் நடப்பதெல்லாம் எனக்குத் தெரியும், இந்தப் பக்கம் நடப்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

முதல் வாரத்திலேயே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. மிஷின் ஓரத்தில் ஸ்டூல் போட்டாள். வேலைக்காரி ஸ்டூலில் உட்காருவதை அன்றைக்குத்தான் என் கண்ணால் பார்த்தேன். வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, "இந்த வாரம் யாருக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்பாள். என் பக்கத்துப் பெண்கள் கழுத்தை நீட்டி அதைப் பார்ப்பார்கள். நான் விசிலை எடுத்து ஊதுவேன்.

அவளுக்கு லீவு போனில் வரும். ஒருநாள் ஒரு குட்டி, "அக்கா, நாளைக்கு வரல, மனசு சரியில்ல" என்று அனுப்பியிருந்தாள். இவள் பதிலுக்குக் கட்டைவிரல் படம் போட்டு, "ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்பினாள். என்னிடமே அதைக் காட்டி, "நாளைக்கு ஒரு ஆள் குறையும் சார், நீங்க ஒருத்தரைத் தர முடியுமா?" என்றும் கேட்டாள். மனசு சரியில்லையாம். எனக்கு எத்தனை வருஷம் மனசு சரியில்லாமல் இருந்திருக்கிறது. மனசுக்கு லீவு உண்டு என்று யாராவது சொல்லியிருந்தால் நான் பாதிநாள் மில் பக்கமே வந்திருக்க மாட்டேன். ஆள் தர முடியாது என்று சொல்லிவிட்டேன். அவள் தானே போய் அந்த மிஷினில் நின்றாள். அதையும் எல்லாரும் பார்த்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவள் பக்கத்தில் மிஷின் பழுது பார்க்கிற பிட்டர் பையனுக்குக் குழந்தை பிறந்தது. ஒரு வாரம் லீவு கொடுத்து, கேக் வெட்டி, அனுப்பிவைத்தாள். என் மூத்த மகள் பிறந்த அன்று நான் மில்லில் இருந்தேன். என் மச்சினன் சைக்கிள் மிதித்து வந்து கேட்டில் சொல்லிவிட்டுப் போனான். அப்போதிருந்த மேஸ்திரியிடம் போய் நின்றேன். "பொறந்தது பொறந்தாச்சு. நீ போயி என்ன செய்யப்போற" என்றார். ஷிப்ட் முடியும்வரை நின்றேன். அதைப் பல வருஷம் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன்தான் நான். அந்தப் பையன் ஒரு வாரம் கழித்து, சட்டையில் குழந்தை பவுடர் வாசனையோடு வந்து நின்றபோது எனக்கு அவனை ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருந்தது. அவன் ஒரு தப்பும் செய்யவில்லை.

அவள் பக்கம் உற்பத்தி விழும், அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். விழவில்லை. அதிலும் எனக்குக் கடுப்பு.

என் பக்கம் ஒருத்தி இருந்தாள். நான் மேஸ்திரியான காலத்திலிருந்து என்னிடம் வேலை பார்க்கிறவள். வீரசோழன் பஸ் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி அவள் ஊர். என்னை அண்ணே என்று கூப்பிடுவாள். நல்ல வயதில் அவளுடைய வீட்டுக்காரர் செத்தபோது முதல் மாலை நான் போட்டது. அன்றைக்கு எடுக்கிறவரைக்கும் இருந்து, சுடுகாடு போய்த் திரும்பினேன். அவள் ஏறி வருகிற திருச்சுழி வேனில் இருக்கிற அத்தனை பெண்களும் அவள் சொன்னால் கேட்பார்கள். அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு மிஷினுக்குப் போனால்தான் மற்றவர்கள் போவார்கள். நான் மேஸ்திரி என்று சொல்லிக்கொண்டாலும் என் கையில் இருந்தது அவள் ஒருத்திதான், அவள் கையில் அந்த வேன் இருந்தது.

கார்த்திகை மாதம் முதலாளியின் மகன் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். பொங்கல் கழித்துப் புது ஷெட் திறக்கிறோம், அதை அந்தப் பெண் பார்த்துக்கொள்வாள், பழைய ஷெட் எனக்கு என்றார். அதுவரை சரி. "யாரு எந்த ஷெட்டுங்கிறதை அவுங்களே சொல்லட்டும் மேஸ்திரி" என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வேலைக்காரவுகளைப் போயி எங்க வேலை பாக்குறீகன்னு கேக்குறதா?" என்றேன்.

"கேக்காட்டி திருப்பூருக்குப் போயிருவாக. நம்மளால தடுக்க முடியாது" என்றார். அவருடைய அப்பா இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொன்னார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. திருச்சுழி வேன் அந்தப் பக்கம் போய்விட்டால் பழைய ஷெட்டில் நானும் மிஷின்களும்தான். ரிடையர் ஆகப்போகிற நேரத்தில், இவரிடம் வேலை பார்க்க ஆள் இல்லை என்ற பெயரோடு வீட்டுக்குப் போக வேண்டும். அவள் என்ன சொல்வாள் என்பதுதான் கேள்வி. நேராகக் கேட்க எனக்கு நாக்கு வரவில்லை. விசில் ஊதுவதைக் குறைத்தேன். இரண்டு ஸ்டூல்கூட வாங்கிப் போட்டேன். அதில் யாரும் உட்காரவில்லை.

மார்கழியில் ஒருநாள் அவள் என் மேஜைக்கு வந்தாள்.

"அண்ணே, ரெண்டு நாள் லீவு வேணும். துட்டிண்ணே."

"செத்தது யாரு, என்ன முறை?"

"சின்ன மாமனாருண்ணே. எங்க வீட்டுக்காரருக்குச் சித்தப்பா."

"எப்ப எடுக்குறாக?"

"நாளைக்கு மத்தியானம். நீங்க மெனக்கெட வேண்டாண்ணே, அம்புட்டுத் தூரம்."

முகம் வெளுத்திருந்தது. துட்டி சொல்ல வருகிறவள் முகம் அப்படித்தானே இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். அந்த வீட்டில் ஒரு சின்ன மாமனார் இருந்தது எனக்கும் நினைவிருந்தது. போயிட்டு வா என்றேன். அவள் நகர்ந்ததும், உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தப் பெண் ஸ்டூல் போடலாம், கேக் வெட்டலாம். துட்டி வீட்டுக்கு மாலையோடு போய் நிற்க அவளுக்குத் தெரியுமா? தேர்தலுக்கு முன்னால் ஒரு சாவு கிடைத்த அரசியல்வாதி மாதிரி நான் இருந்தேன்.

மறுநாள் எனக்கு வார விடுமுறை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நல்ல கனத்த ரோஜா மாலையாகப் பார்த்து வாங்கினேன். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. பஸ்ஸில் மாலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, அவளிடம் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே போனேன். திருச்சுழி தாண்டி, அந்த ஊர் விலக்கில் இறங்கி நடந்தேன். இரண்டு பக்கமும் கொத்தமல்லிக்காடு பூத்திருந்தது. ஊரை நெருங்க நெருங்க எனக்கு ஏதோ இடித்தது. கொட்டுச் சத்தம் இல்லை. பந்தல் இல்லை, நாற்காலி வந்து இறங்கவில்லை. துண்டைத் தலையில் போட்டு ஒரு ஆளும் உட்கார்ந்திருக்கவில்லை.

அவள் தெரு முனையில் வேப்பமரத்தடியில் ஒரு பெரியவர் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு ஆடு கட்டியிருந்தது.

"ஐயா, துட்டி வீடு எது?"

"துட்டியா? யாருக்கு?"

அவள் வீட்டை அடையாளம் சொல்லி, அவளுடைய சின்ன மாமனார் என்றேன்.

பெரியவர் கடலையை வாயில் போட்டு மெதுவாக மென்றார். "அந்தப் பிள்ளைக்குச் சின்ன மாமனாரு நான் ஒருத்தன்தான்" என்றார். "நீங்க யாரு?"

"மில்லு மேஸ்திரி."

"ஓ, மேஸ்திரியா." பல்லில்லாத வாயால் சிரித்தார். "லீவுக்காக என்னையச் சாகடிச்சிருக்கு. இருக்கட்டும். இந்த வயசுல நம்மளால வேற என்ன ஒத்தாசை பண்ண முடியுது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் ஷிப்டில், என்னிடம், இத்தனை வருஷம் கழித்து ஒரு பொய். அவள் எங்கே என்று கேட்டேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"மதுரைக்குப் போயிருக்கு. உடம்புல கட்டியாம். பொம்பளைக சமாச்சாரம், எனக்கென்ன தெரியும். பெரிய ஆஸ்பத்திரியில சதையை எடுத்துப் பாக்கணும்னு சொல்லிட்டாகளாம். உங்க மில்லுல இருந்து ஒரு பொண்ணு காரு கொண்டாந்து கூட்டிட்டுப் போச்சு. பெரிய வேலையாம், ஆனா ஒரு அகந்தை இல்ல. ராத்திரியெல்லாம் இது அழுதுக்கிட்டே இருந்துச்சு. அந்தப் பொண்ணு வந்த பெறகுதான் எந்திரிச்சு முகத்தைக் கழுவுச்சு. எனக்குங்கூட ஆரஞ்சு வாங்கியாந்துச்சு அந்தப் பிள்ளை."

நான் மாலைப் பையோடு நின்றேன்.

"அந்த மாலையை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது மேஸ்திரி" என்றார் அவர். "ஆட்டுக்கு வையுங்க, திங்கும்."

வைத்தேன். தின்றது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அவள் உடம்பைப் பற்றிய கவலை வரவில்லை. வந்திருக்க வேண்டும், வரவில்லை. அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை என்பதுதான் திரும்பத் திரும்ப வந்து குத்தியது. பொம்பளை சமாச்சாரம், பெண்ணுக்குப் பெண் சொல்லிக்கொண்டாள் என்று என்னைத் தேற்றிப் பார்த்தேன். ஆனால் பிட்டர் பையனும் தன் அப்பன் குடித்துவிட்டு அடிப்பதை அந்தப் பெண்ணிடம்தான் சொல்லியிருந்தான். என்னைவிட மூத்தவர், கேட்டில் இருக்கிற வாட்ச்மேன்கூட, தூக்கம் வராததை அவளிடம்தான் சொல்கிறார். என்னிடம் யாரும் எதையும் சொன்னதில்லை. செத்தவர்கள் பெயரைத் தவிர.

மறுநாள் அந்தப் பெண்ணை நடைபாதையில் மறித்தேன். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"அது அவுங்க சொல்ல வேண்டியது சார்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "நான் எப்படிச் சொல்ல?"

"இன்னொருத்தர் ஆளைக் கேக்காமக் கூட்டிட்டுப் போறது முறையா?"

"நான் அவுங்களை ஆளாக் கூட்டிட்டுப் போகல சார்" என்றாள். அந்தக் கோபத்தில் அன்றைக்கு ஒரு சின்னப் பெண்ணை நூல் அறுந்ததற்குத் திட்டித் தீர்த்தேன்.

லீவு முடிந்து அவள் வந்தாள். நான் ஊருக்குப் போனதைப் பெரியவர் சொல்லியிருக்கிறார். நேராக என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"வந்தீகளாமேண்ணே."

"இத்தனை வருஷம் உன்னைய ஒரு தங்கச்சியாத்தான் வச்சிருந்தேன்" என்றேன். "உடம்பு சரியில்லன்னு சொன்னா விடமாட்டேன்னா சொல்லப்போறேன்?"

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "செத்தது யாருன்னுதானண்ணே கேப்பீக" என்றாள். "நான் என்னன்னு சொல்ல?"

சொல்லிவிட்டுத் தலைப்பைச் சொருகிக்கொண்டு மிஷினுக்குப் போய்விட்டாள். சதையை எடுத்துப் பார்த்ததன் முடிவு இன்னும் வரவில்லை என்று வேன் பெண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

பொங்கல் கழிந்தது. கேன்டீனில் எல்லாரையும் கூட்டி, யார் எந்த ஷெட்டு என்று முதலாளியின் மகன் கேட்டார். டவுனிலிருந்து வருகிறவர்களும் மல்லாங்கிணறு வேனில் வருகிறவர்களும் புது ஷெட்டு என்றார்கள். அது தெரிந்ததுதான். பிறகு திருச்சுழி வேன். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போய்விட்டாள் என்று மனசுக்குள் முடிவு கட்டி, ராஜினாமா சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்துவிட்டேன்.

"நான் மேஸ்திரியண்ணன் பக்கமே இருந்துக்கிறேன்" என்றாள்.

"நாங்களும்" என்று ஒருத்தி சொன்னாள். பிறகு எல்லாரும் சொன்னார்கள்.

நான் நிமிர்ந்து முதலில் பார்த்தது அந்தப் பெண்ணின் முகத்தைத்தான். அது வாடுவதைப் பார்க்க எனக்கு அத்தனை ஆசை. அவள் சிரித்துக்கொண்டு, சரி என்று தலையாட்டினாள். திருச்சுழி வேன் தன் பக்கம் வராததில் அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை போலிருந்தது. என்னைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

கூட்டம் கலைந்ததும் என் பக்கம் நின்றவளிடம் போனேன். ஜெயித்த சந்தோஷம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. "அங்க போயிருவன்னு நெனச்சேன்த்தா" என்றேன்.

"அங்க போனா எல்லாரும் எப்படி இருக்கு, எப்படி இருக்குன்னு கேட்டுக்கிட்டே இருப்பாகண்ணே" என்றாள். "நல்லதுக்குத்தான் கேக்குறாக. ஆனா எந்நேரமும் அதே நெனப்பா இருக்கு. இங்கன்னா நிம்மதியா வேலை பாக்கலாம். நீங்க எதுவும் கேக்க மாட்டீக."

இப்போது புது ஷெட்டு ஓடுகிறது. சாப்பாட்டு மணி அடித்ததும் அவள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவாள். சாப்பாடு முடியும்வரை அங்கேதான் இருப்பாள். போன வாரம் ஒருநாள் வெளியே வாசலில் நின்று பார்த்தேன். அந்தப் பெண்ணும் அவளும் எதிரெதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் முகத்தைத் தலைப்பால் மூடியிருந்தாள். அந்தப் பெண் அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மதுரையிலிருந்து முடிவு வந்துவிட்டது என்று தெரிந்தது. அழுகிறாளா, பிழைத்தோம் என்று சிரிக்கிறாளா என்று அங்கிருந்து எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தெரியும்.

மணி அடித்ததும் அவள் திரும்பி வந்தாள். கண் சிவந்திருந்தது. முகத்தில் நன்றாகத் தண்ணீர் அடித்துக் கழுவியிருந்தாள். என்னைக் கடந்து மிஷினுக்குப் போனாள். கூடவே நடந்தேன். என்னத்தா சொன்னாக என்ற கேள்வி வாய்வரைக்கும் வந்துவிட்டது. கேட்டால் மறுநாளே அவளும் அந்த ஷெட்டுக்குப் போய்விடுவாள்.

"அந்தக் கடைசி மிஷினு நிக்குது பாரு" என்றேன்.